ஜலகண்டாபுரத்தில் செத்துப்போன மைக் செட்

மைக் செட் வைக்கிற தம்பிகளே, உங்கள் மிக்சரில் எத்தனை குமிழ் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க எனக்கு இப்போது கண்ணும் போதாது, பொறுமையும் போதாது. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு தம்பி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். மேடையில் யாருமே இல்லை. ஒலிபெருக்கி மட்டும் 'உஸ்ஸ்' என்று சீறிக்கொண்டே இருந்தது. கிட்டப் போய், "தம்பி, உள்ளே பாம்பு புகுந்திருக்கு போல" என்றேன்.

"அது அப்படித்தானுங்க இருக்கும். ஆள் பேச ஆரம்பிச்சா தெரியாதுங்க" என்றார்.

நல்ல பிள்ளைதான். கோபிக்க மனசு வரவில்லை. ஆனால் அந்தப் பதில்தான் என்னை இதை எழுத உட்கார வைத்தது. அது அப்படித்தான் இருக்கும் என்று நாங்களும் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி இருக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தெரிந்தது ஜலகண்டாபுரத்தில், ஒரு நாடக மேடையின் ஓரத்தில். அன்றைக்கு ஒரு அம்மாவின் பிழைப்பே ஒரே ஒரு விருத்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆகையால் மின்சாரத்தைப் பற்றிப் பெரிய வார்த்தைகள் என்னிடம் கிடையாது. இருந்ததெல்லாம் கவலைதான். பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பேன். முடிந்த கம்பி முடிச்சை அவிழ்த்து மறுபடி முடிவேன். சேலத்தில் எனக்கு வேலை கொடுத்த மைக் செட் கடைக்காரர் ஒரு சாயபு. ஊரில் எல்லோருக்கும் அவர் பாய். அவர் எனக்கு வைத்த பெயரே 'கவலை' என்பதுதான். "கவலை, அந்த ஒயரைச் சுத்து. கவலை, டீ சொல்லிட்டு வா." வாடகைக்கு செட் கேட்டு வருகிறவர்கள்கூட, "உங்க கவலையை அனுப்பி வையுங்க பாய்" என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

மேட்டூர்க் கரண்டு எங்கள் பக்கத்து ஊர்களுக்கு வந்த காலம் அது. அதுவரைக்கும் ஒரு செட் என்றால் ஒரு மைக், ஒரு ஆம்ப்ளிஃபயர், மூங்கிலில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி, அவ்வளவுதான். பாட்டுக்காரர், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லோரும் அந்த ஒரு மைக்கின் முன்னால் இடித்துக்கொண்டு நிற்பார்கள். யார் கனமான ஆளோ அவர் சத்தம்தான் ஊருக்குக் கேட்கும். பிறகு பாய் மெட்ராசிலிருந்து ஒரு மிக்சர் வாங்கி வந்தார். மரப்பெட்டி. மைக்குக்கு ஒரு குமிழாக நாலு குமிழ், எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கடைசியில் பெரிதாக ஒன்று. அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் வந்தாராம்.

அந்தப் பெட்டிக்கு முதல் பெரிய வேலை ஜலகண்டாபுரம் நாடகம். ராணி வேஷம் பாப்பம்மாளுக்கு. அவர் குரல் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். மைக் இல்லாமல், காதில் கையை வைத்துக்கொண்டு எடுத்தார் என்றால், கூட்டத்தின் கடைசியில் கடலை விற்கிறவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார். அப்படிப்பட்டவரை ஒரு விஷக்காய்ச்சல் மாதக்கணக்கில் படுக்கப் போட்டது. எழுந்தபோது சுருதி இருந்தது, குரலைச் சுழற்றும் பிர்கா இருந்தது, பாட்டு ஒன்றும் மறக்கவில்லை. சத்தம் மட்டும் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் தேன். பத்தடி தள்ளினால் உதடு அசைவதுதான் தெரியும்.

நாடகக் காண்ட்ராக்டர் வெளிப்படையான மனிதர். நாங்கள் காலையில் மூங்கில் நட்டுக்கொண்டிருக்கும்போதே வந்து என் எதிரில் நின்றார்.

"இந்தாப்பா மைக்கு, ஒரு சொல்லு சொல்லிப்போடு. அந்தம்மா பாடறது கடைசி ஆளுக்குக் கேக்குமா, கேக்காதா?"

"கேக்குமுங்க" என்றேன். வாய் சொல்லிவிட்டது. கை, முடிந்த கம்பி முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டது.

"கேக்கலீன்னா, ஈரோட்டுப் புள்ள ஒண்ணு அரிதாரம் பூசித் தயாரா இருக்குது. மொத விருத்தம் முடியறதுக்குள்ள திரையைப் போட்டு ஆளை மாத்திருவேன். அப்பறம் எந்த ஊருக்கும் அந்தம்மாளுக்கு ராணி வேஷம் இல்லை. என்மேல வருத்தப்படக் கூடாது."

இது பாப்பம்மாளுக்கும் தெரியும். அவர் முன்னால்தான் சொன்னார்.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். கனத்த குரலுக்கு மைக் வைப்பது சுலபம். செட்டில் என்ன இரைச்சல் இருந்தாலும் குரல் அதை அமுக்கிவிடும். சின்னக் குரலுக்கு நீங்கள் குமிழைத் திறந்துகொண்டே போக வேண்டும். குரல் ஏறும்போது கூடவே இரைச்சலும் ஏறும். அவர் குரல் ஊருக்குக் கேட்க வேண்டும் என்றால் அவர் தொண்டையைச் சரி பண்ண எனக்கு வழியில்லை. செட்டின் தொண்டையைத்தான் நான் சரி பண்ண முடியும்.

காலையில் சோதித்தபோது 'ஊம்' என்று ஒரு முனகல் இருந்தது. மற்றபடி பரவாயில்லை. சாப்பிட்டு வந்து அதைக் கவனிக்கலாம் என்று பாயும் நானும் போனோம். திரும்பி வந்து ஒரு குமிழைத் தொட்டேன். குழாயில் 'கறகற, படபட' என்று கேட்டது, காய்ந்த சருகுக் குவியலில் யாரோ நடக்கிற மாதிரி. இன்னொரு குமிழ், அதே சத்தம். பாப்பம்மாளின் மைக்கில் பேசினால் வாயில் துணி அடைத்துப் பேசுகிற மாதிரி வந்தது.

வால்வு போய்விட்டது என்றேன். இல்லை, கரண்டில் கோளாறு. இல்லை, மெட்ராசில் பாயை ஏமாற்றிவிட்டார்கள். ஆம்ப்ளிஃபயரைக் கழற்றத் திருப்புளியைக் கையில் எடுத்துவிட்டேன். பாய் என் கையைப் பிடித்தார்.

"கவலை, கொஞ்சம் நில்லு. காலையில நல்லாத்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு பாய்."

"நாம சோறு திங்கப் போனதுக்கும் வந்ததுக்கும் நடுவுல இங்க என்ன மாறியிருக்கு? அதை மட்டும் பாரு."

பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நாடகக்காரர்களுக்கு மேடை பூஜை என்று ஒன்று உண்டு. திரை, ஆர்மோனியம், மிருதங்கம், கிரீடம், கத்தி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். அன்றைக்கு எங்கள் பெட்டியும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு குமிழின் கழுத்திலும் ஈரச் சந்தனம் வழிய வழிய, அதன்மேல் குங்குமம். மைக்குகளுக்கு விபூதிப் பட்டை. பாப்பம்மாளின் மைக்குக்கு மட்டும் சல்லடை முகமே தெரியாதபடி சந்தனக் காப்பு. சந்தனம் வெயிலில் காய்ந்து, பொடிந்து, குமிழின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிட்டது. உள்ளே உரசித் திரும்புகிற இடத்தில் ஒரு தூசி விழுந்தாலே கறகறக்கும். இங்கே குங்குமம் கலந்த சந்தனமே விழுந்திருந்தது.

"யாரு வெச்சது?" என்றேன் திரை கட்டிக்கொண்டிருந்தவரிடம்.

"பாப்பம்மாதானுங்க. 'இனி என்ர தொண்டை இதுதானே'ன்னு சொல்லிச் சொல்லி வெச்சாங்க."

இதைத் துடைக்க வேண்டும். அது ஒரு நிமிஷ வேலை. ஆனால் ராணி வேஷம் கட்டி உட்கார்ந்திருக்கிற ஒரு சுமங்கலி, தன் வாழ்வையே நம்பி வைத்த பொட்டை, மேடை ஏறுகிற நாளில் நான் துணியால் அழிப்பதை அவர் பார்த்தால் என்ன ஆகும்? செட் சரியாகும். அந்த அம்மாவின் மனசு உடைந்துவிடும். உடைந்த மனசோடு விருத்தம் எடுத்தால் இருக்கிற குரலும் வராது. அவருக்குத் தெரியாமல் துடைக்கலாம். மேடைக்கு வந்து பார்த்தால்? நடுப்பாட்டில் கண்ணில் பட்டால்?

"பாய், நீங்க சொல்லுங்க" என்றேன்.

"நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிரும்பா. குங்குமத்தை அழின்னு சொல்ற ஆள் நானா? நீ போ. மறைச்சு மட்டும் செய்யாதே."

போனேன். அரிதாரம் பாதி பூசியிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏஞ்சாமி, மொகம் இப்படிக் கறுத்துக் கெடக்குது? சோறு உண்டியா இல்லியா?" என்றார்.

"உண்டாச்சுங்கம்மா." வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு மறந்துபோய்விட்டது. கண்ணில் பட்டதைக் கேட்டேன். "அம்மா, ஆர்மோனியத்துக்குப் பொட்டு எங்கீங்க வெச்சீங்க?"

"பெட்டி மேல."

"கட்டையில வெக்கலீங்களா?"

"நல்லாக் கேட்டே போ. கட்டையில வெச்சா சந்தனம் ஒட்டிக்கிட்டு அழுத்தின கட்டை எந்திரிக்காது. அப்பறம் ஒரே சொரம் ராத்திரி பூரா கத்திக்கிட்டு…" என்றவர் நிறுத்தினார். என் முகத்தையே பார்த்தார். "அந்தப் பெட்டிக்கும் கட்டை இருக்குதா சாமி?"

"அந்தக் குமிழுதானுங்கம்மா அதுக்குக் கட்டை."

கையில் இருந்த அரிதாரத்தைக் கீழே வைத்தார். நான் பயந்துபோனேன். பிறகு அப்படியே எழுந்தார். கிரீடம் இல்லாமல், ஒரு கன்னம் மட்டும் சிவப்பாக, மேடைக்கு வந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். முந்தானையின் காய்ந்த நுனியால் ஒவ்வொரு குமிழாகத் தானே துடைத்தார். மைக்கின் முகத்தில் இருந்த காப்பை விரலால் மெல்ல வழித்தெடுத்தார். வழித்த சந்தனத்தைக் கீழே போடவில்லை. தன் தொண்டையில் பூசிக்கொண்டார்.

"அங்க வேண்டாம்னா இங்க இருக்கட்டும். ரெண்டும் ஒண்ணுதானே" என்றார். பெட்டியின் மர மூடியில் ஒரே ஒரு பொட்டு, சின்னதாக வைத்தார். "இது தொந்தரவு பண்ணுமா?"

"பண்ணாதுங்கம்மா."

"அப்ப உன்ர வேலையைப் பாரு."

நான் எத்தனையோ பேரோடு வேலை செய்திருக்கிறேன். செட் கெட்டதற்குத் தானே காரணம் என்று தெரிந்த அந்த நிமிஷத்தில், கோபமும் படாமல் குன்றியும் போகாமல், அடுத்த வேலைக்குப் போன ஆளை அப்புறம் நான் அதிகம் பார்க்கவில்லை.

உள்ளே இறங்கியதை எடுக்க வேண்டுமே. ஒருத்தர் தேங்காய் எண்ணெய் விடச் சொன்னார். அரிதாரம் கலைக்க அதுதான் மேடையில் எப்போதும் இருக்கும். எண்ணெய் விட்டால் அப்போதைக்குச் சத்தம் அடங்கும், ஆனால் விழுகிற தூசி அத்தனையையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். வேண்டாம் என்றேன். "என்கிட்ட அத்தர் இருக்கு, வாசமாவது வரும்" என்றார் பாய். அந்த நேரத்திலும் அவருக்குக் கிண்டல். அப்போதுதான், கரண்டு போனால் ஏற்ற மேடை ஓரத்தில் வைத்திருந்த பெட்ரோமாக்ஸ் விளக்கு கண்ணில் பட்டது. அதைப் பற்றவைக்க ஸ்பிரிட் இருக்குமே. அதில் ஒரு சொட்டு நனைத்தால் அழுக்கைக் கரைத்துக்கொண்டு பறந்துவிடும். கரண்டை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, புருவம் தீட்டுகிற தூரிகையை வாங்கி, ஒவ்வொரு குமிழாகத் துடைத்தேன். நன்றாகக் காயவிட்டேன். திருப்பிப் பார்த்தேன். வெண்ணெயில் விரல் போவது மாதிரி சத்தமில்லாமல் திரும்பியது.

கறகறப்பு போன பிறகுதான் அந்த 'ஊம்' தனியாக நின்றது. அதற்கும் அதே வழிதான். எல்லாவற்றையும் மூடினேன். ஒவ்வொன்றாகத் திறந்தேன். மூன்று மைக்கில் இல்லை. பாப்பம்மாளின் மைக்கைத் திறந்தால் வந்தது. அந்த ஒயரைத் தொட்டுக்கொண்டே போனேன். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அதை விளக்கு ஒயரோடு சேர்த்து, மூங்கில் நெடுகக் கட்டியிருந்தோம். அவிழ்த்து வேறு பக்கமாக இழுத்தேன். முக்கால்வாசி போனது. எர்த்துக் கம்பி நட்ட இடம் பாறையாகக் காய்ந்து கிடந்தது. பாய் ஒரு குடம் உப்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். மிச்சமும் போனது.

கடைசியாக அந்த 'உஸ்'. இதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. அதுவரை எங்கள் பழக்கம் எப்படி என்றால், மைக்குக் குமிழைப் பயந்து பயந்து கொஞ்சமாகத் திறப்போம். கேட்கவில்லை என்றால் கடைசிப் பெரிய குமிழை முழுக்கத் திருப்புவோம். பெட்டிக்குள் ஊறுகிற சீறல் அத்தனையும் அதில் பெருத்து வெளியே வரும். அன்றைக்குத் தலைகீழாகச் செய்து பார்த்தேன். பாப்பம்மாளை மைக்குக்குக் கிட்டத்தில், ஒரு சாண் தூரத்தில் நிற்க வைத்தேன். அவருடைய குமிழைத் தாராளமாகத் திறந்தேன். கடைசிக் குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது, சுருதிக்கு ஆர்மோனியம் அவர் மைக்கிலேயே கேட்கும், ஆகையால் மற்ற மூன்று மைக்கையும் மூடினேன். ஆளில்லாத மைக் இரைச்சலுக்குத் திறந்து வைத்த கதவு.

குழாய் அமைதியாகிவிட்டது. மூங்கில் அடியில் போய் நின்று காதை நீட்டினேன். ஒன்றுமில்லை. மறுபடி போய்ப் பார்த்தேன். மறுபடியும். "எத்தனை தடவைடா போவே?" என்றார் பாய்.

பொழுது சாய்ந்தது. தறிகளை நிறுத்திவிட்டு ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. இன்னொரு குழாய் கட்டியிருந்த புளியமரம் வரைக்கும் தலைகள். திரை ஏறியது. பாப்பம்மாள் மைக்கின் முன்னால் வந்து நின்றார். அப்போதுதான் நான் ஒருபோதும் கவலைப்படாத ஒன்று நடந்தது.

அந்த நாளில் ஜனங்களுக்கு மைக் செட் ஓடுகிறது என்பதற்கு அடையாளமே அந்த இரைச்சல்தான். 'ஊம்' என்றால் உயிர் இருக்கிறது. அன்றைக்குக் குழாயில் ஒரு சத்தமும் இல்லை. "மைக்கு போயிருச்சு" என்று ஒரு குரல். "பாயைக் கூப்புடுங்கப்பா." பின்னால் சீட்டி. காண்ட்ராக்டர் துண்டை இறுக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏப்பா மைக்கு, செட்டு செத்துப்போச்சா?"

"இல்லீங்க."

"ஊம்னு ஒரு சத்தத்தையும் காணமே."

"அதத்தானுங்க மத்தியானத்துல இருந்து தொரத்திக்கிட்டு இருந்தேன்."

அவருக்கு அது ஏறவில்லை. பெரிய குமிழை நோக்கிக் கை நீட்டினார். அதை அவர் திருப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். குழாய் ஊளையிடும். பாப்பம்மாள் திடுக்கிடுவார். திரை விழும். நான் குமிழின் மேல் என் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தேன். அவரைப் போன்ற ஒருவரின் கையைத் தடுத்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

"அவங்க வாயத் தொறக்கட்டுமுங்க. அப்பறம் என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க."

பாய் என் காதருகில் குனிந்தார். "கவலை, நிஜமாவே உசிரு இருக்கா?"

"இருக்கு பாய்."

என் குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம். பயப்பட வேண்டியதையெல்லாம் மத்தியானமே பயந்து முடித்திருந்தேன், தம்பிகளா. மிச்சம் ஒன்றும் இல்லை.

பாப்பம்மாள் பழைய வழக்கப்படி காதுக்குக் கையைக் கொண்டுபோனார். வளையல் சரிந்தது. அந்தக் கிணுகிணுப்பு புளியமரத்துக் குழாயில் கேட்டது. கூட்டத்தின் சீட்டி அப்படியே நின்றது. அடுத்து அவர் மூச்சை உள்ளே இழுத்தார். அதுவும் கேட்டது. ஆயிரம் பேருக்கு நடுவில் ஒரு மனுஷி மூச்சு வாங்குவது அவரவர் காதோரத்தில் கேட்டது. அதற்குப் பிறகு குரல் வந்தது.

அதுவரை அந்த ஜனங்கள் கேட்ட பாட்டெல்லாம் கத்திப் பாடின பாட்டு. வேறு வழி இல்லாமல் கத்தினார்கள். இந்தக் குரல் கத்தவில்லை. காய்ச்சல் மிச்சம் வைத்திருந்த அந்தச் சின்னக் குரல், பிர்கா பிர்காவாக, ஒரு நூல் பிசகாமல் கடைசி ஆள்வரை போய் உட்கார்ந்தது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது பழக்க தோஷத்தில் பின்னால் சாய்ந்தார். நான் அவர் குமிழை மெல்லத் திருப்பித் துரத்திப் பிடித்தேன். ஒரு கறகறப்பு இல்லை. அவர் முன்னால் வந்ததும் மெல்லக் குறைத்தேன். அவருக்கே தெரியாது. கேட்டவர்களுக்கும் தெரியாது. அந்தச் சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்ல? அவர் பாட, நானும் விரலால் கூடவே பாடினேன்.

விருத்தம் முடிந்ததும் பின்னாலிருந்து ஒருத்தர், "இன்னொருக்கா எடுங்கம்மா, பக்கத்து ஊட்டுல இருந்து பாடறாப்பல இருக்குது" என்றார். கூட்டம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. காண்ட்ராக்டர் நீட்டிய கையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "பாடச் சொல்லப்பா" என்றார், ஏதோ நான்தான் தடுத்துக்கொண்டிருந்த மாதிரி. ஈரோட்டுப் பெண் மேடை ஓரத்தில் வந்து உட்கார்ந்து, அரிதாரத்தோடு வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்குத் தோழி வேஷம் கிடைத்தது. ராணி வேஷம் அதன் பிறகும் பல வருஷம் பாப்பம்மாளுடையதுதான். எடப்பாடி, வாழப்பாடி என்று எங்கே நாடகம் போட்டாலும் எங்கள் பெட்டியும் கூடப் போகும். மூடியில் அந்தச் சின்னப் பொட்டை அவரே வைப்பார். வைத்துவிட்டுக் குமிழ்களைக் காட்டி, "கட்டைக்கு இல்லை சாமி, பயப்படாதே" என்று சிரிப்பார்.

அந்த நாடகத்துக்கு அடுத்த வாரம் கடைக்கு ஒரு ஊர்க்காரர் வந்தார். பாய் இருந்த செட்டையெல்லாம் காட்டினார். அவர் ஒவ்வொன்றையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஏனுங்க பாய், இதெல்லாம் வேண்டாமுங்க. ஜலகண்டாபுரத்துல செத்துப்போச்சு பாருங்க, அந்த செட்டுதானுங்க எங்களுக்கு வேணும்."

ஆகவே, உங்கள் மிக்சர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, என் வேலை முறை இதுதான். கெட்டுப்போனால் கழற்றுவதற்கு முன் என்ன மாறியது என்று பாருங்கள். எல்லாவற்றையும் மூடி, ஒவ்வொன்றாகத் திறங்கள். வாய்க்குக் கிட்டத்து மைக்கின் குமிழில் தாராளம், கடைசிக் குமிழில் அடக்கம். கவலைப்படுங்கள், தாராளமாகப் படுங்கள், ஆனால் திரை ஏறுவதற்கு முன்னால் பட்டு முடித்துவிடுங்கள். எல்லாம் செய்த பிறகு, பின்வரிசையில் ஒருத்தர் எழுந்து, "மைக்கு வேலை செய்யலீங்க" என்று கத்துவார். பதறாதீர்கள். குமிழின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மேடையில் இருப்பவர் மூச்சு எடுக்கும்வரை சும்மா உட்கார்ந்திருங்கள்.